பெடல் ஸ்டீல் வாங்கப் போகிறீர்களா? கவிழ்த்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஏமாந்த கதையை ஊருக்குச் சொல்வதில் என்ன பெருமை என்று இரண்டு மாதமாகச் சும்மா இருந்தேன். போன வாரம் இங்கே டாலஸில் ஒரு நண்பர், "நானும் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் பார்த்து வச்சிருக்கேன், விலை படிஞ்சிடும் போல" என்றார். யாரிடம் என்று கேட்டேன். அதே ஆள். அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தக் கருவியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய இந்தி சினிமாப் பாட்டுகளில் இழைந்துகொண்டே வரும் ஹவாயன் கிட்டாரின் பங்காளி இது. நாலு காலில் மேசை மாதிரி நிற்கும். 10 தந்தி. இடது கையில் ஒரு கனமான எஃகு உருளையைத் தந்தி மேல் வைத்து நகர்த்த வேண்டும். கீழே மூன்று பெடல், முழங்காலால் தள்ள நாலைந்து லீவர். பெடலை மிதித்தால் சில தந்திகள் மட்டும் சுருதி ஏறும், மற்றவை இருந்த இடத்திலேயே நிற்கும். 1954இல் வெளிவந்த, அமெரிக்க கண்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். அந்த வழுக்கல் கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டது. கண்ட்ரி பாட்டில் யாரோ விம்முவது போல ஒன்று கேட்கிறதே, அது இதுதான். என்னையும் அதுதான் பிடித்தது.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 1970களில் செய்தது, முழு மேப்பிள் மரம், மேடைக் கலைஞர்கள் வாசிக்கும் தரம், விலை 2,400 டாலர். முன்பக்கம் பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெயர்த்தகடு பளபளவென்று இருந்தது. ஏழு படம் போட்டிருந்தார். அவர் வீட்டு கராஜில் போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து ஒரு மெதுவான பாட்டை வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு சுரமும் நின்று நின்று கரைந்தது. அக்கா வீட்டில் வீணை வாசிப்பாள், கார்வை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்கிற மிதப்பு வேறு. இவ்வளவு கார்வை உள்ள கருவியா என்று அங்கேயே மனதுக்குள் வாங்கிவிட்டேன்.

அந்தக் கார்வை கிட்டாரில் இல்லை, அவருடைய வலது காலில் இருந்தது. ஸ்டீல் வாசிப்பவர்கள் வலது காலை வால்யூம் பெடலில் வைத்திருப்பார்கள். பாதி திறந்த நிலையில் தந்தியை மீட்டி, ஒலி அடங்க அடங்கப் பெடலைத் திறந்துகொண்டே போனால் சுரம் குறையாமல் நிற்பது போலக் கேட்கும். அதில் தப்பொன்றும் இல்லை, பெரிய வித்வான்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் செத்த கருவியையும் அதை வைத்து ஒரு பத்து நிமிடம் உயிரோடு காட்டலாம். போதாததற்கு எதிரொலி போடும் டிலே பெட்டி ஒன்றும் தரையில் கிடந்தது. நான் வாசித்துப் பார்த்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ரசீதில் 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பெட்டியோடு சேர்த்து 20 கிலோவாவது இருக்கும். ஒற்றைக் கையால் தூக்கி வந்து அவரே என் காரில் வைத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

வீட்டில் டிலே கிடையாது, சின்ன ஆம்ப்தான். மூன்றாவது தந்தியில், சுர இடங்களைக் காட்ட அடியில் வரைந்திருக்கும் கோடுகளில் 12ஆவதைத் தாண்டினால் தகரத்தில் சுண்டிய மாதிரி 'டக்' என்று ஒலி நின்றுவிடுகிறது. சரி, நம் கைதான் பழகவில்லை என்று விட்டேன். முதல் வாரமே அந்தத் தந்தி மூன்று முறை அறுந்தது. எப்போதும் ஒரே இடத்தில், பெடலை மிதிக்கும்போது தந்தியை இழுக்கும் சேஞ்சர் என்ற பொறிக்கு மேலே. அப்புறம் பெடல் மிதித்து கார்டு பிடித்தால் ஏதோ பிசகிக் கேட்டது. ட்யூனரை மாட்டி நாலாவது தந்தியை ஈ சுரத்தில் நிறுத்தினேன். மூன்று பெடலில் ஏ, பி என்று சொல்லும் இரண்டையும் சேர்த்து மிதித்தேன். அந்தத் தந்திக்கும் இந்தப் பெடல்களுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் முள் 14 சென்ட் இறங்கியது. அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசாரித்து, இந்தக் கருவிகளையே வருடக்கணக்காகப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் துண்டு விரித்து அதன் மேல் கிட்டாரைக் கவிழ்த்து வைத்தார். பெயர்த்தகட்டைக் கழற்றினார். அடியில் வேறொரு தகட்டின் திருகு ஓட்டைகள், மக்கு வைத்து அடைத்திருந்தது. அடுத்து, ஓரத்தில் ஒரு திருகைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்குள் சின்னக் கத்தியால் சுரண்டினார். மேப்பிள் என்றால் சுருள் சுருளாகச் சீவி வரும் என்றார். எனக்கு வந்தது தவிட்டு நிறத் தூள். மேலே கறுப்பு மைக்கா, உள்ளே துகள் பலகை. கற்றுக்கொள்பவர்களுக்காக மலிவாகச் செய்த மாடலுக்கு மேடைக் கிட்டாரின் தகட்டை மாட்டியிருக்கிறார்கள். மைக்கா ஒட்டியதே மோசம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். மேப்பிள் தாள்களை அடுக்கி ஒட்டிய பலகைக்கு மைக்கா போட்ட அருமையான கிட்டார்கள் உண்டு.

மரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. 10 தந்தியும் சேர்ந்து உடம்பை 250 பவுண்டுக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பெடலை மிதித்தால் அந்த இழுவை இன்னும் கூடும். உடம்பு உறுதியாக இல்லையென்றால் மயிரிழை வளையும், மிதிக்காத தந்திகள் தளரும். இதைத்தான் கேபினெட் டிராப் என்கிறார்கள். அறவே இல்லாத கிட்டார் கிடையாது, ஆனால் நல்ல கருவியில் இரண்டு மூன்று சென்ட்டோடு நின்றுவிடும்.

கார்வைக்கு வருவோம். தந்தியின் ஒரு முனை சேஞ்சரில் இருக்கும் 'ஃபிங்கர்' என்ற அலுமினியத் துண்டின் வளைவு மேல் படிந்திருக்கும். அந்த வளைவின் உச்சியில் ஒரே புள்ளியில் தந்தி விட்டுப் பிரிந்தால்தான் ஒலி சுத்தமாக வரும். என்னுடையதில் விரல் நகத்தை ஓட்டினால் சிக்கும் அளவுக்குப் பள்ளம். தந்தி அந்தக் கால்வாய்க்குள் படுத்து உரசிக்கொண்டே இருந்தால் நாதம் எங்கே நிற்கும்? 0.011 அங்குலக் கம்பி, பெடல் மிதிக்கும்போதெல்லாம் அந்த விளிம்பில் தேய்ந்து அறுகிறது. ஃபிங்கர்கள் எல்லாம் ஒரு எஃகு அச்சில் கோத்தவை. அந்த அச்சைத் தாங்கும் சட்டம் உடம்போடு திருகிப் பிடித்திருக்க வேண்டும். என் கிட்டாரில் திருகுகள் தூளில் பிடிமானம் இல்லாமல் ஆடின. யாரோ தீக்குச்சியை ஒடித்துப் பசையோடு ஓட்டைக்குள் செருகியிருந்தார்கள். கழுத்துக்கு அலுமினியமா மரமா, தந்தி அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் எது என்றெல்லாம் ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறோம். அச்சு ஆடுகிற கிட்டாருக்கு எந்த பிக்கப் மாட்டினாலும் அந்த 'டக்'தான் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

விற்றவருக்கு போன் செய்தேன். "நீங்க வாசிச்சுப் பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். ரசீதின் படத்தை அனுப்பினார். அதன் பிறகு பதில் இல்லை. பெரியவர் ஃபிங்கர்களை அரம் போட்டு மெருகேற்றிக் கொடுத்தார், 260 டாலர். தந்தி இப்போது அறுவதில்லை. சட்டத்தைத் திரும்பப் பிடிக்க வைக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

பழையது பார்க்கப் போகிறவர்கள் ட்யூனரைக் கையோடு எடுத்துப் போங்கள், அந்த நாலாவது தந்திச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். டிலேயை அணைக்கச் சொல்லுங்கள். வால்யூம் பெடலைக் கழற்றிவிட்டு நேராக ஆம்பில் சொருகி, மூன்றாவது தந்தியை மேல்கோடுகளில் மீட்டி எத்தனை நொடி நிற்கிறது என்று பாருங்கள். ஆம்பே இல்லாமல் உடம்பில் காதை வைத்தும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், புறப்படுவதற்கு முன்பே அடிப்பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். எனக்கு வந்த ஏழு படத்தில் அது இல்லை, நானும் கேட்கவில்லை.

நண்பர் நேற்று கேட்டுப் பார்த்தார். அந்த ஆளுக்கு முதுகு வலியாம், தனியாகக் கவிழ்க்க முடியாத கனமாம்.