ஊருணிப் பூச்சிகள்: கேமராவைத் தண்ணீரில் இறக்குவதா, பூச்சியைத் தொட்டியில் விடுவதா?

மார்கழி, தையில் செட்டிநாட்டு ஊருணிகள் நிறைந்து கிடக்கும். நீர்ப்பூச்சிகளைப் படம் எடுக்க இதுதான் பருவம். வழி இரண்டு. தண்ணீர் புகாத சின்னக் கேமராவை நேரே உள்ளே இறக்கலாம். அல்லது பூச்சியைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, வெளியிலிருந்து மேக்ரோ லென்ஸில் (சின்னதை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) எடுக்கலாம். இரண்டையும் செய்து பார்த்த நான் இப்போது தொட்டிக் கட்சி.

சின்னக் கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஒலிம்பஸ் டிஜி-6 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். மைக்ரோஸ்கோப் மோடில் 1 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும். பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். நீலகிரியின் டிரவுட் ஓடைகள் போல குளிர்ந்து தெளிந்து ஓடும் தண்ணீர், கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் மேஃபிளை இளம்பூச்சி என்றால் அதுவே சரி என்பேன். ஓடுதண்ணீரில் எனக்குப் பழக்கம் குறைவு. அதனால் அடித்துச் சொல்லவில்லை.

நம்ம ஊரில் வழக்கைத் தீர்ப்பது கலங்கல்தான். மழை வடிந்து பல நாள் ஆனாலும் செம்மண் தூசி தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். ஃபிளாஷ் அடித்தால் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாக விழும். அது வேண்டாமென்று 1 செ.மீ. வரை நெருங்கினால் கேமராவின் நிழல் பூச்சி மேல் விழும், பூச்சியும் ஓடிவிடும்.

தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை. அதே ஊருணித் தண்ணீரை வாளியில் ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலாக மொண்டு ஊற்றினால் போதும். தொட்டியின் உள் அகலம் 3 செ.மீ. இருந்தால் பூச்சி ஃபோகஸை விட்டு அதிகம் நகராது. 100 மி.மீ. மேக்ரோவில் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே அரை அடிக்குச் சற்றுக் குறைவாக இடம் கிடைக்கும். ஃபிளாஷை மேலிருந்து காட்டலாம். முதுகு நிறைய முட்டை சுமக்கும், டிப்ளோனிகஸ் என்ற நீர்ப்பூச்சியின் ஆணை அப்படித்தான் நிதானமாகப் பார்த்தேன். முட்டைகளை ஒட்டியது பெண்; பொரியும் வரை சுமப்பது இவன். அடிக்கடி மேலே வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுகிறான், பின்னங்காலால் தடவியும் விடுகிறான். கலங்கிய தண்ணீருக்குள் நின்று இதையெல்லாம் பார்க்க வாய்ப்பே இல்லை. கையால் மட்டும் எடுக்காதீர்கள், கடித்தால் நன்றாக வலிக்கும். டீ வடிகட்டி போதும்.

பராமரிப்பிலும் தொட்டிதான் மேல். தண்ணீர் புகாத கேமராவின் மூடி ரப்பரில் ஒரு மணல் துகள் மாட்டினாலே ஆபத்து. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும், ரப்பர் பழசானால் மாற்றவும் வேண்டும். தொட்டிக்கு வேண்டியது ஒரு பழைய பருத்தித் துணி. ஆனால் கண்ணாடியிலேயே செய்யச் சொல்லுங்கள். அக்ரிலிக் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். மேக்ரோ லென்ஸ் விலை கூடுதல்தான். என்றாலும் பூஞ்சை பிடிக்காமல் வைத்திருந்தால் பின்னால் விற்கலாம். தண்ணீரில் கிடந்த கேமராவை யோசிக்காமல் யார் வாங்குவார்?

எந்த வழியானாலும் குடிதண்ணீர் ஊருணிப் பக்கம் போகாதீர்கள். அங்கே கால் நனைக்கவே விடமாட்டார்கள்; வாளியோடு இறங்கினால் படித்துறையில் இருக்கும் ஆச்சி, “ஏம்ப்பா, குடிக்கிற தண்ணியில என்ன பண்ற?” என்று பிடித்துக்கொள்வார். குளிக்கிற ஊருணி, கண்மாய்க் கரை போதும். படம் எடுத்த கையோடு பூச்சியை அதே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.