சிங்கப்பூர் வேலைக்குப் பணம் கட்டும் முன் ஐபிஏவைப் பாருங்கள்

"சூப்பர் மார்க்கெட் பேக்கிங் வேலை. ஒர்க் பெர்மிட். சம்பளம் 1,800 டாலர். ரூம், சாப்பாடு ஃப்ரீ. ஸ்கில் டெஸ்ட் தேவையில்லை." இப்படி வாட்ஸ்அப்பில் வந்தால் மேற்கொண்டு எதுவும் விசாரிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். அந்த வேலைக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒர்க் பெர்மிட்டே கொடுப்பதில்லை. கட்டுமானம், ஷிப்யார்டு போன்ற துறைகளைத் தாண்டினால், எம்ஓஎம் என்று எல்லோரும் சொல்லும் மனிதவள அமைச்சு பட்டியல் போட்டிருக்கும் சில வேலைகளுக்குத்தான் நம் ஆட்களுக்குப் பெர்மிட் உண்டு. சமையல்காரர், ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங், வெல்டர் போன்றவை அதில் வரும். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 டாலர் இருக்க வேண்டும். பேக்கிங், கேஷியர், ஆபீஸ் கிளீனிங் எதுவும் கிடையாது.

ஏமாற்று எப்போதும் படிப்படியாகத்தான் நகரும். முதலில் 'டாகுமென்ட் சார்ஜ்' என்று பத்தாயிரம். பிறகு மெடிக்கலுக்குக் கொஞ்சம். ஒரு நாள் இரவு ஐபிஏ எனும் முன் அனுமதிக் கடிதத்தின் காப்பி போனுக்கு வரும், "நாளைக்குள்ள பேலன்ஸ் கட்டலைன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்" என்ற குரல் பதிவோடு. பணம் போகும் கணக்கு ஏஜென்சி பெயரில் இருக்காது, யாரோ ஒரு தனி ஆளின் ஜிபே நம்பராக இருக்கும். டிக்கெட் தேதி இரண்டு முறை தள்ளிப்போகும், அதன் பிறகு போன் சுவிட்ச் ஆஃப். சிலரை டூரிஸ்ட் விசாவில் ஏற்றி, "அங்க போய் பாஸ் மாத்திக்கலாம்" என்பார்கள். அதை நம்பி வேலையில் இறங்கிப் பிடிபட்டால் 20,000 டாலர் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. மாட்டுவது போனவர்தான், அனுப்பியவர் ஊரில் இருப்பார்.

ஐபிஏ என்பது பெர்மிட்டுக்கு எம்ஓஎம் கொடுக்கும் முன் அனுமதிக் கடிதம். வேறு ஒருவருடைய கடிதத்தில் பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் மாற்றி பிடிஎஃப் தயாரிக்கப் பத்து நிமிடம் போதும், அதனால் தாளைப் பார்த்து உண்மையா பொய்யா என்று முடிவு செய்ய முடியாது. எம்ஓஎம் இணையதளத்தில் பாஸ் நிலையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. உங்கள் விவரங்களை நீங்களே போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் வராது. கிளம்பும் நாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் உண்மையான ஐபிஏவையும் கம்பெனி இடையில் ரத்து செய்ய முடியும். அது தெரியாமல் திருச்சி ஏர்போர்ட் வரை போனவர்கள் உண்டு.

கடிதத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள்: முதலாளி பெயர், வேலையின் பெயர், சம்பளம். ஏஜென்ட் டிரைவர் என்று சொல்லியிருந்தாலும் ஐபிஏவில் கட்டுமானத் தொழிலாளி என்று இருந்தால் நீங்கள் கட்டுமானத் தொழிலாளிதான். அந்தக் கம்பெனியில், அந்த வேலை மட்டும்தான் செய்யலாம்.

சம்பளத்தில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். "பேசிக் 600தான், ஓடி (ஓவர்டைம்) போட்டா 1,500 தாண்டும்" என்பது கட்டுமானம் போன்ற வேலைகளில் வழக்கமான பேச்சு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரம் 44 மணி நேர வேலைக்கு, மாதம் 600 என்றால் ஒரு மணிக்கு 3.15 டாலர். ஓடிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4.72. மாதத்துக்கு ஓடி உச்சவரம்பு 72 மணி நேரம், எனவே 340 டாலர். நான்கு ஞாயிறும் முதலாளி கூப்பிட்டு முழு நாள் வேலை செய்தால், நாளுக்கு இரட்டைச் சம்பளமாக இன்னொரு 185. ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் 1,125 டாலர்தான் தேறும். சாப்பாட்டுச் செலவு இதிலிருந்துதான் போக வேண்டும்.

நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸ் என்றால் தந்திரம் வேறு. 2025 செப்டம்பரிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவருக்குச் சம்பளம் குறைந்தது 3,300 டாலர் காட்ட வேண்டும், வயது கூடினால் இந்தத் தொகையும் கூடும். வங்கிக் கணக்கில் முழுத் தொகையும் விழும், மறுநாளே பாதியை எடுத்து ரொக்கமாக முதலாளியிடம் கொடுக்கச் சொல்வார்கள். வேலை கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம்: 30,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. "பேப்பர்ல 3,300, கையில 1,600" என்று ஊரிலேயே ஒருவர் சொன்னால், வேலை தொடங்கும் முன்பே உங்களை ஒரு மோசடியில் கூட்டாளி ஆக்குகிறார்.

எவ்வளவு கட்டலாம்? சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 600 டாலர் வேலைக்கு இரண்டு வருடம் என்றால் 1,200 டாலர். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 35,400. இரண்டையும் கூட்டினாலும், ஊரில் கேட்கும் மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சமெல்லாம் ஊர் சப் ஏஜென்டிலிருந்து மேலே வரைக்கும் ஆளாளுக்குப் பங்கு. பதிவு இருக்கிறதா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். "சிங்கப்பூருக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டாமே, லைசென்ஸ் எதுக்கு?" என்று சிலர் மடக்குவார்கள். கிளியரன்ஸ், அதாவது வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசு தரும் அனுமதி, தேவையில்லை என்பது சரி. ஆனால் எந்த நாட்டுக்கு ஆள் எடுத்தாலும் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு கட்டாயம்.

ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு அனுப்பினால் சிங்கப்பூர் ஏஜென்சி கட்டணத்தில் பாதியாவது திருப்பித் தர வேண்டும். ரசீது இருந்தால்தான் இது நடக்கும். சம்பள பாக்கிக்கு, சிங்கப்பூரில் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் டிஏடிஎம் அமைப்பிடம் போகலாம். வேலையில் இருக்கும்போது, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வேலையை விட்டுவிட்டால் ஆறே மாதம். அவசரத்துக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692.

ஊரில் ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், கொடுத்த அன்றைக்கே "இன்று இவ்வளவு கொடுத்தேன், இந்த வேலைக்கு" என்று ஏஜென்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பி அவரிடம் பதில் வாங்குங்கள். பதில் போட மறுப்பவரிடம் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.