நாலு வருஷம் கழித்து யார் கைகொடுப்பார்? மழை ஜாக்கெட்டுக்கு மூன்று தலைமைக் கடைகள்

சியாட்டிலில் ஆர்.ஈ.ஐ., மெய்ன் மாநிலத்து ஃப்ரீபோர்ட்டில் எல்.எல்.பீன், கலிஃபோர்னியாவின் வென்சுராவில் படகோனியா. மலையேற்ற உடைகளுக்கு அமெரிக்காவில் பெயர்போன இந்த மூன்றையும் ஒரு மழை ஜாக்கெட்டை முன்வைத்து ஒப்பிட்டதில் என் ஓட்டு படகோனியாவுக்கு. நான் எடுத்தது அவர்களுடைய டொரன்ட்ஷெல் 3எல். கடையின் பிரம்மாண்டத்தைப் பார்த்தால் வென்சுராதான் கடைசி. ஆனால் மழை ஜாக்கெட் தன் குணத்தைக் காட்டுவது வாங்கிய நாளில் இல்லை, மூன்றாம் நான்காம் வருஷத்தில்.

போட்டுப் பார்த்து வாங்க சியாட்டிலை மிஞ்ச ஆளில்லை. ஆர்.ஈ.ஐ. 1938-ல் மலையேறிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். 30 டாலர் ஒருமுறை கட்டினால் ஆயுள் உறுப்பினர். 1996-ல் திறந்த யேல் அவென்யூ கடையில் 65 அடி உயர ஏறுசுவர் நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. உடை வாங்குபவருக்கு அதைவிட உதவுவது பல பிராண்டுகள் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் தொங்குவது. ஆர்.ஈ.ஐ.-யின் சொந்த ரெய்னியர் ஜாக்கெட்டையும் டொரன்ட்ஷெல்லையும் ஒரே கண்ணாடி முன் மாற்றி மாற்றிப் போடலாம். முதுகுப்பைக்குள் எடை வைத்துத் தோளில் மாட்டித் தருவார்கள். ஜாக்கெட்டை அந்தப் பையோடு சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

எந்தக் கடையானாலும் சோதனை ஒன்றுதான். உள்ளே ஒரு ஃப்ளீஸ் (கதகதப்பான மேல்சட்டை) போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்க வேண்டும். கீழ் விளிம்பு பெல்ட்டுக்கு மேலே ஏறினால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். ஹுட்டை இறுக்கிவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஹுட்டும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாத ஹுட் ஒரு கண்ணை மறைக்கும், சாலையைக் கடக்கையில் அது ஆபத்து. பையின் இடுப்புப் பட்டையைப் பூட்டியபின் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் கை போகிறதா? அக்குள் ஜிப்பை ஒரே கையால் திறக்க முடிகிறதா? கடைசியாக ஜாக்கெட்டை உள்புறம் திருப்பி, அக்குளில் தையல்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில், தையல் துளைகளை மூடும் டேப் சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். டேப் உரியத் தொடங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஃப்ரீபோர்ட் கடை 1951 முதல், அரிதான சில தருணங்கள் தவிர, இரவு பகல் மூடாமல் நடக்கிறது. அந்தக் கடையின் பெருமை பூட்ஸ்தான். தேய்ந்த பீன் பூட்ஸைக் கட்டணம் வாங்கிக்கொண்டு புது அடிப்பாகம் வைத்துத் தைத்துத் தருகிறார்கள். பனிக்கால பூட்ஸ் வேண்டும் என்றால் யோசிக்காமல் அங்கே போகலாம். மழை ஜாக்கெட்டுக்கு அவ்வளவு தூரம் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம். ரெய்னியரும் எல்.எல்.பீனின் டிரெயில் மாடலும் இரண்டரை லேயர் துணி. டொரன்ட்ஷெல் மூன்று லேயர். இரண்டரை லேயரில் வெளித்துணி ஒன்று, அதன் உள்புறம் நீர்புகாப் படலம், படலத்தைக் காக்க அதன்மேல் மெல்லிய பூச்சு அல்லது அச்சடித்த கோலம். அந்தக் கோலம்தான் ‘அரை’. மூன்று லேயரில் அந்த இடத்தில் மெல்லிய பின்னல்துணியே ஒட்டப்பட்டிருக்கும். இரண்டரை லேயர் எடை குறைவு, சுருட்டினால் சின்னதாக அடங்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் கழுத்து, தோள், மணிக்கட்டு ஆகிய இடங்களில் தோலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் படலத்தை ஏறக்குறைய நேராகவே தொடுகின்றன. படலம் பெரும்பாலும் பாலியூரிதேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுப் பிணைப்புகள் அறுபடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெள்ளைச் செதிலாக உதிரும். ஈரத்தோடு மடித்துக் கார் டிக்கியில் போட்டுவைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூன்று லேயருக்கும் இந்த முதுமை உண்டு. பின்னல்துணி நடுவில் நிற்பதால் தாமதமாக வரும்.

ஜிப் ஸ்லைடர் தேய்ந்தால் மாற்றலாம். கிழிசலுக்கு ஒட்டுப் போடலாம். உரிந்த தையல் டேப்பைச் சூடு கொடுத்து மறுபடி ஒட்டலாம். படலம் உதிர்ந்துவிட்டால் எந்தத் தையல்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நிலையில் கவுன்ட்டரில் கிடைக்கும் பதில்தான் மூன்று கடைகளையும் பிரிக்கிறது.

ஆர்.ஈ.ஐ.-யில் திருப்பித் தர உறுப்பினருக்கு ஒரு வருஷம், மற்றவர்களுக்கு 90 நாள். 2013-க்கு முன் இந்தக் கெடுவே கிடையாது. எல்.எல்.பீனும் எத்தனை வருஷம் ஆனாலும் வாங்கிக்கொண்டிருந்தது. 2018 பிப்ரவரியில் ரசீதோடு ஒரு வருஷம் என்று மாற்றியது. அதற்குப் பிறகு தயாரிப்பில் குறை என்று தெரிந்தால் மட்டும் பரிசீலிப்பார்கள். சாதாரணத் தேய்மானம் இரண்டு இடத்திலும் கணக்கில் வராது. நாலாம் வருஷத்தில் உதிரும் படலம் குறையா தேய்மானமா என்ற வாதம் அங்கேதான் கிளம்பும், அதன் முடிவு கவுன்ட்டரில் இருப்பவரைப் பொறுத்தும் மாறலாம்.

படகோனியாவின் உத்தரவாதத்துக்குக் கெடு தேதி இல்லை. பொருள் சரியாக உழைக்கவில்லை என்றால் பழுதுபார்ப்பு, மாற்று, பணம் என்று மூன்று வழி வைத்திருக்கிறார்கள். தேய்மானத்தையும் பழுதுபார்க்க எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குக் கட்டணம் கேட்கலாம். நெவாடாவின் ரெனோவில் இதற்கென்றே பெரிய தையல்கூடம் இயங்குகிறது. அனுப்புமுன் ஜாக்கெட்டைத் துவைத்து உலர்த்துங்கள், அழுக்கோடு போனால் வேலை நகராது. பழுதான இடத்தைத் தெளிவாகக் குறித்து அனுப்புங்கள். திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும், மழைக்காலத்துக்கு முன் எல்லோரும் அனுப்புவதால் இன்னும் நீளும். எனவே மழை நின்ற கையோடு அனுப்புவது நல்லது. சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு இணையதளத்தில் படங்களோடு வழிகாட்டிகள் போட்டிருக்கிறார்கள். தானே ரிப்பேர் செய்யச் சொல்லித்தரும் உடைக் கம்பெனி மேல் எனக்கு மரியாதை கூடுகிறது, மறைக்கவில்லை.

பழுதே இல்லாத ஜாக்கெட்டும் ‘ஒழுகுகிறது’ என்று நிறையத் திரும்பி வரும். புது ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் தாமரை இலையில்போல உருண்டோடும். அப்படி உருளவைக்கும் மேல்பூச்சு அழுக்கிலும் சோப்பு மிச்சத்திலும் அடங்கிப்போனால் வெளித்துணி ஊறும், உள்ளேயிருக்கும் வியர்வை வெளியேற முடியாமல் உடம்பை நனைக்கும். மழை உள்ளே வந்துவிட்டதாகத் தோன்றும். ஜிப்களை மூடி, நாடாக்களைத் தளர்த்தி, இதற்கென்றே விற்கும் திரவச் சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். துணி மிருதுவாக்கி அறவே கூடாது. லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்தி, உலர்ந்தபின் இன்னும் 20 நிமிடம் ஓட விடுங்கள். சூட்டில்தான் பூச்சு மறுபடி விழிக்கும். அதற்கும் தண்ணீர் உருளவில்லை என்றால் புதுப் பூச்சு ஸ்பிரே அடிக்கலாம். 2025 முதல் கலிஃபோர்னியாவில், இந்த மாதிரிப் பூச்சுகளில் பயன்பட்டுவந்த பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனம் சேர்த்த உடைகளுக்குப் பெரும்பாலும் தடை. படகோனியாவும் அதை விட்டுவிட்டது. புதுப் பூச்சுகள் எண்ணெய்ப்பசையை முன்போல் தள்ளுவதில்லை, ஆகவே முன்பைவிட அடிக்கடி துவைத்தாக வேண்டும்.

சியாட்டில், பெல்வியூ பக்கம் இருக்கும் நம்மவர்கள் வென்சுரா வரை போக வேண்டியதில்லை. ஆர்.ஈ.ஐ. படகோனியாவையும் விற்கிறது. அங்கே போட்டுப் பார்த்து உறுப்பினர் எண்ணில் வாங்கினால் முதல் வருஷம் ஆர்.ஈ.ஐ. கவுன்ட்டர், அதற்குப் பிறகு பழுதுக்கு ரெனோ. ஊரிலிருந்து கோடையில் வந்து இரண்டு மாதம் தங்கிப் போகும் பெற்றோருக்கு இரண்டரை லேயரே போதும். அவ்வளவு குறைந்த உழைப்பில் படலம் தேயாது, ஊருக்கு எடுத்துப்போனால் நன்றாக உலர்த்தி, மடிக்காமல் தொங்கவிடச் சொல்லுங்கள்.

பழையது வாங்க இரண்டு கம்பெனியிலும் வழி உண்டு: ஆர்.ஈ.ஐ.-யில் ரீசப்ளை, படகோனியாவில் வோர்ன் வேர். படத்தை நம்பாமல், முடிந்தால் கையில் எடுத்து, கழுத்தின் உள்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு நகருங்கள். அது சிதையத் தொடங்கிய படலம்.