ஓடினால் போதுமா, தட்டவும் வேண்டுமா?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஒரு பழைய பெல்ஜியம் கண்ணாடி தொங்குகிறது. தினமும் காலையில் என் மகள் அதன் முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து 'ஹா' என்று நீளமாக ஊதுவாள். கண்ணாடி ஆவி படிந்து மங்கினால் ஊதியது சரி. இதைத்தான் பிசியோதெரபிஸ்ட்கள் ஹஃப் என்கிறார்கள். அவளுக்குப் பதினொரு வயது; சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். கைக்குழந்தையாக இருந்தபோது முத்தம் கொடுத்துவிட்டு அப்பத்தா, "பிள்ளை உப்புக் கரிக்குதே" என்பார்கள். அந்த உப்பை வேர்வைச் சோதனையில் அளந்து நோயைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு மூன்று வயது ஆகிவிட்டது.

இந்த நோயில் சிஎஃப்டிஆர் என்ற மரபணு பழுதாவதால் உப்பும் நீரும் சரியாகச் சுரக்காமல் நுரையீரல் சளி பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. தேங்கிய சளியில் கிருமி குடியேறும். அதனால் தினமும் சளியை வெளியே கொண்டுவந்தாக வேண்டும். போன மாதம் மகள் கேட்டாள்: "ஓடுனாலே சளி வருதுல்லம்மா, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" பிரிட்டனில் இந்த நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட முதல் பத்து ஆராய்ச்சிக் கேள்விகளில் இதே கேள்வியும் ஒன்றாக இருந்தது.

நாங்கள் தொடங்கியது தட்டுவதில். பிள்ளையைத் தலையணைமேல் சாய்த்து, உள்ளங்கையைக் குவித்து முதுகிலும் விலாவிலும் தட்ட வேண்டும். 'டொப் டொப்' என்று குதிரைக் குளம்புபோலக் கேட்டால் சரி, 'பளார்' என்றால் கை தட்டையாகிவிட்டது. செலவே இல்லை. குழந்தைகளுக்கு இதைவிட எளிய வழியும் இல்லை. தலையைக் கீழே சரித்துத் தட்டும் பழைய முறையை மட்டும் இப்போது தவிர்க்கிறார்கள், வயிற்றில் உள்ளது எதுக்களித்து வரும் என்பதால். குறை என்னவென்றால், தட்ட இன்னொரு ஆள் வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் அவளுக்குச் சளி தேங்கியது.

எட்டு வயதில் மூச்சுப் பயிற்சிக்கு மாறினோம். கொஞ்சம் சாதாரண மூச்சு, மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி நிறுத்தி, அப்புறம் ஹஃப். இப்படிப் பல சுற்று. பிள்ளை தானே செய்துகொள்ளலாம், ஆனால் கவனம் சிதறினால் வெறும் மூச்சுதான்.

அதோடு ஃப்ளட்டர், அகபெல்லா மாதிரி கையடக்கக் கருவிகள் உண்டு. ஊதும்போது எதிர் அழுத்தமும் அதிர்வும் தந்து சளியைப் பெயர்க்கும். ஃப்ளட்டருக்குள் ஓர் எஃகுக் குண்டு இருப்பதால் அதைச் சரியான சாய்வில் பிடிக்க வேண்டும். அகபெல்லாவைப் படுத்துக்கொண்டும் ஊதலாம். எதை வாங்கினாலும் கழுவி நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற நுரையீரல் கிருமி வளரும்.

மேலே போட்டுக்கொண்டால் மார்பை அதிரவைக்கும் 'வெஸ்ட்' என்ற உடுப்புக் கருவிக்கு லட்சக்கணக்கில் ஆகும். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா என்று நானும் இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். 2013-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் ஓராண்டு ஒப்பிட்டபோது, எதிர் அழுத்த முகக்கவசத்தில் ஊதியவர்களைவிட வெஸ்ட் போட்டவர்களுக்குத்தான் நோய் அதிக முறை முற்றியது. அதைப் படித்தபிறகு அந்த எண்ணத்தை விட்டேன்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஆத்தங்குடிக் கல்மேல் சைக்கிள் ஓட்டினால் நாலாவது சுற்றிலேயே இருமல் வரும். மூச்சு வேகமாவதால் சளி நகர்கிறது. மிதமான உடற்பயிற்சியின்போது மூச்சுக்குழாய்ச் சுவர் சோடியத்தை உறிஞ்சுவது குறைவதால் ஈரம் தங்கிச் சளி இளகவும் வாய்ப்பிருக்கிறது. 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல்திறன் கூடுதலாக இருந்த நோயாளிகள் அடுத்த எட்டாண்டுகளில் அதிகம் பிழைத்திருந்தார்கள். இதெல்லாம் தட்டுவதால் கிடைக்காத நன்மை. அவளுக்கு ஓட்டம் பிடிக்கும் என்பதையும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பிடிக்காததைப் பிள்ளைகள் ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் ஓட்டம் மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓடும்போது பெயர்ந்த சளி ஹஃப் செய்யாவிட்டால் பாதி வழியிலேயே நிற்கும். காய்ச்சல், சளி கூடும் நாள்களில் பிள்ளையால் ஓட முடியாது, அன்றைக்குத்தான் சளி எடுப்பது மிக அவசியம். அப்புறம் நம் ஊர் வெயில். விளையாடி வந்தால் அவள் நெற்றியோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இவர்கள் வேர்வையில் இழக்கும் உப்பு மிக அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்னாலும் மாலை ஐந்தரைக்குப் பின்னாலும்தான் விளையாட்டு. கூடவே உப்புப் போட்ட மோர். ஊரணியில் நீச்சல் வேண்டவே வேண்டாம். மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமி தமிழ்நாட்டு மண்ணிலும் நீரிலும் உண்டு, இந்த நுரையீரலுக்கு அது பெரிய ஆபத்து.

பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். காலையில் நெபுலைசர், அகபெல்லா, ஹஃப், அதில் மாற்றமில்லை. நன்றாக இருக்கும் நாள்களில் மாலைக்குச் சைக்கிள், நடுவில் இரண்டு முறை இறங்கி ஹஃப். சளியின் நிறம் மாறினாலோ பசி குறைந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன், மாலையும் அகபெல்லா, படுக்கும் முன் என் கைத் தட்டு. சளியில் ரத்தம் தெரிந்தால் எதையும் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரி. மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மாலை ஹஃப்புக்கும் அந்தக் கண்ணாடிதான் வேண்டுமாம். அப்பத்தா அதைத் துடைக்க ஒரு துணியைத் தூணில் கட்டி வைத்திருக்கிறார்கள்.