இடையன்குடிப் பக்கத்தில் ஒரு வில்வண்டிச் சவாரி

பழைய மிஷன் ஊர்களைப் பார்க்க வருவோருக்காக, திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடி வட்டாரத்தில் ஒருவர் இரட்டை மாடு பூட்டிய வில்வண்டியை அரைநாள் வாடகைக்கு விடுகிறார். வண்டியில் குறை சொல்ல அதிகமில்லை. டயர் மாட்டாமல், இரும்புப் பட்டை அடித்த ஆரக்கால் சக்கரங்களையே வைத்திருக்கிறார். மூங்கில் வளைத்த கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருக்கிறார். புறப்படுமுன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் கரிய மையைத் தடவிய நிதானத்திலேயே அவருடைய தொழில் தெரிந்தது. சாட்டை கூரையில் செருகியபடியே இருந்தது. நாவால் எழுப்பும் ஒலிக்கே மாடுகள் நடையை மாற்றின.

என் மனக்குறை வழித்தடத்தைப் பற்றியது. வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்குவதே இல்லை; தேரி எனப்படும் செம்மணல் மேடு தொடங்கும் இடத்தில் திரும்பிவிடுகிறது. மாடுகளின் சிரமத்தை நினைத்தால் அது சரிதான். ஆனால் உடன் வரும் வழிகாட்டியோ, அக்கால மிஷனரிகள் எல்லா ஊருக்கும் இப்படிச் சாய்ந்து அமர்ந்தே போனதுபோல் பேசுகிறார். இடையன்குடியில் மிஷனரியாக இருந்த கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே இந்தப் பக்கம் வந்தவர். ஒடுங்கிய சக்கரம் புதையும் இந்த மணலில், மாடு இழுக்க முடியாத இடத்தில் வண்டியில் வந்தவரும் இறங்கி நடக்க வேண்டியதுதான். 1876இல் ரயில் திருநெல்வேலியை எட்டிய பின்னரும், நிலையத்திலிருந்து உள்ளூர்களுக்கு மாட்டுவண்டியே கதியாக இருந்தது. 1901இல் டோனாவூரில் குடியேறிய மிஷனரி ஏமி கார்மைக்கேலும் அவருடைய குழுவினரும் கிராமம் கிராமமாகச் சென்றது அதில்தான். மணிக்கு இரண்டு மூன்று மைல் நகரும் வண்டியில், வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் பயணம் செய்த அந்தக் களைப்பைப் பற்றி வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு தேரியில் சிறிது தூரம் நடக்க வைத்தாலே பாதி வரலாறு காலுக்குப் புரிந்துவிடும்.

கட்டணம், வாடகைக் காருக்குக் கொடுப்பதைவிடக் குறைவில்லை. மாட்டுத் தீவனம் விற்கும் விலையில் அதை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முற்பகல் சவாரியைத் தவிர்த்து மாலையைக் கேட்டு வாங்குங்கள். உடல் கனத்தவர்கள் முன்பக்கம் அமர்வது நல்லது; பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பி, மாட்டை அதில் பூட்டும் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்குகிறது.