பிரவுசர்லயே வர்ற பாஸ்வேர்ட் மேனேஜர், ரெண்டு பிரவுசர்ல யூஸ் பண்ணா எப்படி?

ஒரே பிரவுசர்தான்னா அதுலயே வர்ற மேனேஜர் தாராளமா போதும், காசு கொடுத்து தனியா வாங்க வேணாம். ரெண்டாவது பிரவுசர் திறக்கும்போதுதான் தலைவலி. நான் வேலைக்கு ஒண்ணு சொந்தத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கேன், பேங்க் பாஸ்வேர்டை ஒண்ணுல மாத்திட்டேன், இன்னொண்ணு பழசையே நிரப்பிட்டு இருந்துச்சு, கறுப்புப் புள்ளிதான தெரியும், கவனிக்காம மூணு தடவை லாகின் அழுத்தி அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு. ஒரு பிரவுசர்ல இருக்கற பாஸ்வேர்டை இன்னொண்ணுக்கு இம்போர்ட் பண்ணா அன்னிக்கு இருக்கறது மட்டும்தான் வரும், பிறகு மாத்துறது தானா போகாது, இது நிறைய பேருக்குத் தெரியல.

முக்கியமா, இம்போர்ட் பண்றதுக்காக பழைய பிரவுசர்ல இருந்து பாஸ்வேர்டெல்லாம் எடுத்து வைக்கற சிஎஸ்வி ஃபைல்! நோட்பேட்ல திறந்தா எல்லா பாஸ்வேர்டும் அப்படியே படிக்கலாம், வேலை முடிஞ்ச கையோட அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்ல இருந்தும்.

ஃபயர்பாக்ஸ்ல பிரைமரி பாஸ்வேர்ட், அதாவது சேமிச்ச பாஸ்வேர்டெல்லாத்துக்கும் பூட்டு மாதிரி ஒரு பாஸ்வேர்ட் வைக்கற வசதி எனக்கு ரொம்பப் பிடிச்சது, கம்ப்யூட்டரை யாராவது எடுத்தாலும் சட்டுனு பாக்க முடியாது. ஐபோன்ல செட்டிங்ஸ் போய் ஆட்டோஃபில்லுக்கு குரோமை செலக்ட் பண்ணா சஃபாரிலயும் அதே பாஸ்வேர்ட் வரும், இது நல்லாவே வேலை செய்யுது. ஆப்பிளும் 2024ல பாஸ்வேர்ட்ஸ்னு தனி ஆப் விட்டாங்க. மூணு பிரவுசர் தினமும் ஓட்டுறவங்க மட்டும் பிட்வார்டன் மாதிரி தனி ஆப்புக்கு மாறிடுங்க, அதுல ஃப்ரீ பிளானும் இருக்கு.