வயரா, வைஃபையா, ஃபைபரா: 60 கிகாபைட்டை அடுத்த கணினிக்கு அனுப்ப எது நல்லது?

ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்வோம். மேல்மாடிக் கணினியில் உள்ள கல்யாண வீடியோ 60 கிகாபைட். அது கீழே உள்ள கணினிக்குப் போக வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் செக்கனுக்கு 4 மெகாபைட் என்று ஊர்ந்தால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். 100 மெகாபிட் வயரில் (எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) 11 மெகாபைட் கிடைக்கும், ஒன்றரை மணித்தியாலம் ஆகும். கிகாபிட் வயரில் 110 மெகாபைட் வந்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த வேகத்துக்கும் இன்டர்நெட் பெக்கேஜுக்கும் சம்பந்தமே இல்லை. பெக்கேஜைக் கூட்டுவது வீண் செலவு.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் கொப்பி ஆகும்போது செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்று திரையில் தெரியும் எண்ணைப் பாருங்கள். 11இல் அசையாமல் நின்றால் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. 30, 35இல் நின்றால் யூஎஸ்பி 2.0 வழியாக ஏதோ ஓடுகிறது. வெளி ஹார்ட் டிஸ்க்காகவோ லெப்டொப்பில் குத்திய நெட்வேர்க் அடப்டராகவோ இருக்கலாம். 110இல் தொடங்கிச் சில கிகாபைட் போனதும் 20க்கு விழுந்தால் குற்றம் வயரில் இல்லை, எழுதும் டிஸ்க்கில் இருக்கிறது. சந்தேகம் தீர ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் சேர்வராகவும் (பெறும் பக்கம்) மற்றதில் கிளையன்டாகவும் (அனுப்பும் பக்கம்) ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் பாதையை மட்டும் அளக்கும். திசையை மாற்றியும் ஒருமுறை அளக்க வேண்டும், ஏனென்றால் சில பழுதுகள் ஒரு பக்கம் போகும்போது மட்டும்தான் தெரியும். 940 மெகாபிட் அளவில் வந்தால் பாதை சுத்தம். பிறகு ஃபைல்களைக் கவனியுங்கள்: பத்தாயிரம் சின்னப் படங்கள் ஒரு பெரிய வீடியோவை விட மிக மெதுவாகத்தான் போகும். அவற்றை ஒரே ஸிப்பாகக் கட்டி அனுப்பலாம், அல்லது விண்டோஸில் உள்ள ரோபோகொப்பியில் ஒரே நேரத்தில் 16 ஃபைல்கள் போகும்படி ஓட்டலாம்.

ஒரே கட்டடத்துக்குள் என்றால் செப்பு வயரை மிஞ்ச ஒன்றும் இல்லை. கேட்-5இ என்ற வகை நெட்வேர்க் வயர் போதும், 100 மீற்றர் வரை கிகாபிட் தாங்கும். ஆனால் கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நாலே போதும். அதனால் மற்ற நாலில் ஓர் இழை அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் சாகாமல் சத்தமின்றி 100க்கு இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. வயரின் நுனியில் தலையை, அதாவது குத்தும் பிளக்கை, புதிதாக அடிக்கும்போது வரிசை இதுதான்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். சோடி சோடியாக முறுக்கிய இழைகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்தால் எந்த வரிசையானாலும் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். லைட் எரியும் மலிவு டெஸ்டரும் அதைச் சரி என்றே காட்டும். ஆனால் 3ஆம், 6ஆம் இழைகள் ஒரே சோடியில் இல்லாவிட்டால் சிக்னல்கள் ஒன்றில் ஒன்று கலந்து வேகம் தரைதட்டும். வயர் வாங்கும்போது இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். விலை குறைவுதான், ஆனால் தலை அடிக்கும் இடத்தில் ஒடிந்துவிடும். வேண்டாம்.

வைஃபைக்கு மலைநாட்டில் இரண்டு எதிரிகள்: பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரும் தகரமும். 5 கிகாஹேர்ட்ஸ் ஒரே அறைக்குள் 50 மெகாபைட் வரை தரும், ஒரு கருங்கல் சுவரைத் தாண்டினாலே தளர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் கடைகள் நெருங்கிய டவுனில் பக்கத்து ரவுட்டர்களோடு மோதும். 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு தடவை காற்றில் போக வேண்டும், வேகம் பாதியாகும். ஒன்றையாவது வயரில் போட்டுவிட்டால் அந்தப் பாதி திரும்பக் கிடைக்கும்.

மின்வயர் வழியே அனுப்பும் பவர்லைன் அடப்டரைத் தேயிலைத் தொழிற்சாலையில் யோசிக்கவே வேண்டாம். மூன்று ஃபேஸ், உருட்டும் இயந்திரங்களின் மோட்டர் இரைச்சல். இரண்டும் அதைக் கெடுக்கும். பெட்டியில் 600 மெகாபிட் என்று எழுதிய பலவற்றின் போர்ட்டே 100 மெகாபிட்தான்.

இரண்டு கட்டடங்களுக்கு இடையில், உதாரணமாகத் தொழிற்சாலைக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. அங்கே செப்பு வயரை வெளியே இழுக்காதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி விழும்போது இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் வரும் மின்னழுத்த வித்தியாசம் அந்த வயரால் பாய்ந்து, நெட்வேர்க் ஸ்விச்சையும் கணினியையும் சேர்த்து எரிக்கும். மீதி இரண்டு வழி: 5 கிகாஹேர்ட்ஸ் பிரிட்ஜ் (இரண்டு கட்டடத்திலும் ஒன்றையொன்று பார்த்தபடி பூட்டும் ரேடியோப் பெட்டிகள்), அல்லது ஃபைபர்.

பிரிட்ஜ் ஒரே நாளில் பூட்டிவிடலாம், மண் தோண்ட வேண்டியதில்லை. சில நூறு மீற்றருக்குப் பனிமூட்டமும் மழையும் அதை அசைக்காது. வேகம் விழுந்தால் பனியைக் குறை சொல்லாமல் பாதையில் வளர்ந்திருக்கும் யூக்கலிப்டஸைப் பாருங்கள். நனைந்த இலை சிக்னலை விழுங்கும். அதன் பெட்டிக்குப் போகும் வயரும் செப்புதான், அதற்கு, திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்பு தேவை.

என் தேர்வு ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, கிகாபிட் குறையாது. சிங்கிள் மோட் என்ற வகை இழை, ஒளியை நெட்வேர்க் வயருக்கு மாற்றும் மீடியா கன்வேட்டர் இரண்டு போதும். ஒற்றை இழையில் இரு திசையும் போகும் வகையென்றால் ஒரு முனைக்கு ஏ, மறுமுனைக்கு பி வாங்க வேண்டும். இரண்டும் ஏ என்றால் லைட்டே வராது. இன்னொன்று முக்கியம். கட்டடத்துக்குக் கட்டடம் தொங்கவிடும் ட்ரொப் கேபிள் என்ற ஃபைபர் வயரோடு, பாரத்தைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி ஒட்டி வரும். அதைச் சுவருக்கு வெளியே கொக்கியில் நிறுத்தி வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். கம்பியோடு உள்ளே இழுத்தால், தவிர்க்க நினைத்த மின்னலுக்கு அதுவே வழியாகும்.